புறஞ்சேரியும் நகர்வாயிலும்: நானுஓயா வழி பற்றிய ஒரு திறனாய்வு

நகரங்களை அவற்றின் நடுவிடம் நோக்கி மதிப்பிடுதலே உலக வழக்கு. கடைவீதியும் மன்றமும் பூங்காவும் வழிபாட்டிடமும் கண்டு, இந்நகர் சிறந்தது, அந்நகர் சிறப்பிலது என்று கூறுவர். ஆயின் ஒரு நகர் தன் உள்ளத்தை முதன்முதல் வெளியிடும் இடம் நடுவிடம் அன்று. அந்நகர்க்குச் செல்லும் வாயில்வழியே ஆகும். வீட்டின் பண்பைத் திண்ணை கூறும். இல்லத்தாரின் இயல்பை அவர் விருந்தினனுக்குக் கூறும் முதற்சொல் காட்டும். அவ்வாறே நகரின் பண்பை அதனுட் புகும் வழி காட்டிவிடும். இன்று நகரமைப்புத் துறையினர் வாயில்வழிகளைத் திட்டமிடுதலையும் திருத்தியமைத்தலையும் தனியொரு கலையாகவே கொண்டுள்ளனர். தெருவை அகலித்தல், மரம் நடுதல், விளக்கு நிறுத்துதல், வரவேற்பு வளைவு கட்டுதல் என அக்கலை பல கிளைகளாய் விரிந்துள்ளது. எனினும், இவை யாவும் யார் பொருட்டு என்னும் வினா அடிக்கடி மறக்கப்படுகின்றது.

இலக்கியத் திறனாய்வாளன் ஒரு நூலை ஆராயுங்கால் மூன்று வினாக்களை எழுப்புவான். இந்நூல் யாருக்காக ஆக்கப்பட்டது? தான் கருதியதை எம்முறையிற் கூறுகின்றது? எதனைக் கூறாது விட்டது? தெருவும் மனிதர் கருதி ஆக்கியதொன்றாதலின், இம்மூன்று வினாக்களும் அதற்கும் பொருந்தும். அவற்றுள்ளும் மூன்றாவது வினாவே வன்மையுடையது. நூலொன்றின் குறை அதன் சொற்களில் மட்டுமன்றி, அது சொல்லாது விட்டவற்றிலும் மறைந்து கிடத்தல் உண்டன்றோ? மலைநாட்டின் தலைநகர் போல விளங்கும் நுவரெலியாவுக்கு வாயிலாய் அமைந்த நானுஓயாவையும், அங்கிருந்து நகர்க்கு ஏறும் பெருந்தெருவையும் இவ்வினாக்கள் கொண்டு நோக்குதல் பயனுடைத்து.

இதற்கு அளவுகோலாக அயல்நாட்டு நூல்களை முதற்கண் நாடவேண்டுவதில்லை. நகர்க்குட் புகும் வழியை நுணுகிப் பார்த்த பெரும்புலவர் தமிழில் உளர். இளங்கோவடிகள் மதுரையைக் காட்டும் முறை ஈண்டு நினைவுகூரத் தக்கது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வையையைக் கடந்து தென்கரை அடைகின்றனர். நகர்மதில் கண்முன் தோன்றுகின்றது. அம்மதிலில் அசையுங் கொடிகள் அவர்களை வரவேண்டா என்று தடுப்பன போலத் தோன்றுவதாக அடிகள் பாடுகின்றார். ஆயினும் அவர்களை உடனே நகருட் புகுத்தினாரல்லர். புறஞ்சேரி இறுத்த காதை எனத் தனியொரு காதை வகுத்து, மதிற்புறத்தே அறவோர் உறையும் சேரியில் அவர்களைத் தங்குவிக்கின்றார். அடுத்த காதையிற் கோவலன் மட்டும் நகருட் சென்று அதன் வீதிகளின் செல்வச்சிறப்பைக் கண்டு மீள்கின்றான், மீள்வதும் புறஞ்சேரிக்கே. அதன் பின்னரே மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் கண்ணகி அடைக்கலமாக ஒப்புவிக்கப்படுகின்றாள். அவ்வொப்புவிப்பு நிகழும் இடமும் புறஞ்சேரியே.

இவ்வமைப்பில் ஒரு பெருங் கருத்து அடங்கியுள்ளது. நகரின் வீதிகள் கண்ணுக்கு விருந்தாயின. ஆயின் வந்தவர்க்கு அடைக்கலம் தந்தது நகர்ப்புறமே. புறஞ்சேரி இளங்கோவடிகளுக்குக் கடந்து செல்லும் வெற்றிடம் அன்று. அங்கு வாழ்வோர் உளர். அவர்க்குப் பெயரும் தொழிலும் அறமும் உள. வாயிலைப் பாடியபோது வாயிலில் வாழ்வோரையும் அடிகள் பாடினார். வாயில்வழி ஒன்றின் தரத்தை அறிதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் வேண்டுவதில்லை. கடந்து செல்வோரை அது எவ்வாறு அழைத்துச் செல்கின்றது என்பது ஒருபாதி. தன்னருகே வாழ்வோரை அது எவ்வாறு வாழவிடுகின்றது என்பது மறுபாதி.

இனி, நுவரெலியாவின் புறஞ்சேரி எனத்தகும் நானுஓயாவுக்கு வருவோம். நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்த நகர். 1820களின் இறுதியிற் பார்ன்ஸ் தேசாதிபதி அதனை ஆங்கிலேயர் உடல்நலம் பேணும் இடமாக வளர்த்தார். 1848இற் சாமுவேல் பேக்கர் அங்குக் குடியேறி, ஆங்கில நாட்டுச் சிற்றூர் ஒன்றை மலையுச்சியில் ஆக்க முயன்றார். 1873இற் கிரகரி தேசாதிபதி காலத்தில் அவர் பெயர் பூண்ட வாவி அமைக்கப்பட்டது. இவ்வாறு நகர் வளர்ந்ததாயினும், அதனை அடையும் வழி நெடுங்காலம் கொடியதாகவே இருந்தது. பேக்கரின் பொருள்கள் றம்பொடைக் கணவாய் வழியாகக் கொண்டுவரப்பட்டபோது, அவருடைய வண்டி குதிரைகளோடு பள்ளத்தில் வீழ்ந்த செய்தியை அவரே தம் நூலில் எழுதிவைத்துள்ளார். நுவரெலியாவின் வாயில்வழிகளது வரலாறு விபத்தோடேயே தொடங்கிற்று என்றாலும் பொருந்தும்.

நாவலப்பிட்டியிலிருந்து இருப்புப்பாதை மலையேறி 1885இல் நானுஓயாவை அடைந்தது. அக்காலம் மலைநாட்டின் வாழ்வு மாறிய காலம். கோப்பிச் செடியைப் பற்றிய இலைநோய் 1869 முதற் பரவி அப்பயிரை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை கைக்கொண்டது. புகையிரதம் நானுஓயாவில் நின்றபோது தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகளுக்கு அது வாயிலாயிற்று. குளிர் நாடி மேலேறும் துரைமார்க்கும் வாயிலாயிற்று. பின்னர் அப்பாதை நுவரெலியாவுக்குட் செல்லாது, பட்டிப்பொலை நோக்கித் திரும்பி, 1893இல் அப்புத்தளையையும் 1894இற் பண்டாரவளையையும் 1924இற் பதுளையையும் அடைந்தது. ஆதலின் நுவரெலியா நகர் பெரும்பாதையின் மீது அமையாமல் அதன் அருகே நின்றுவிட்டது. நிலையத்துக்கும் நகர்க்கும் இடையே உள்ளது ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தெருவே. அத்தெரு ஏறும் உயரம் ஏறக்குறைய 240 மீற்றர்.

இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியும் முன்னொருகால் நடைபெற்றது. இரண்டடி ஆறங்குல அகலமுடைய சிறுபாதை ஒன்று 1903இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு அமைக்கப்பட்டுப் பின் கந்தப்பளை வழியாக இராகலை வரை நீண்டது. தேயிலையும் உரமும் அரிசியும் பயணிகளும் அதிற் சென்றனர். ஆயின் மோட்டார் வண்டியின் போட்டிக்கு ஆற்றாது, 1940களில் அப்பாதை மூடப்பட்டது, தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. அதன் பின்னர் நானுஓயாவில் இறங்குவோர் யாவரும், அவர்தம் சுமைகளும், தோட்டங்களின் பொருள்களும், ஹற்றன், தலவாக்கலைப் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளும் ஒரே தெருவைச் சார்ந்து நிற்கலாயின. அவிசாவளையில் தொடங்கி ஹற்றன் வழியாக நுவரெலியாவை அடையும் ஏ 7 பெருந்தெருவின் இறுதிப் பகுதியே இத்தெரு.

முதலாம் வினாவுக்கு இவ்வரலாறே விடை தருகின்றது. இத்தெரு யாருக்காக ஆக்கப்பட்டது? மேலே செல்லும் துரைமார்க்காகவும் கீழே செல்லும் தேயிலைக்காகவும் ஆக்கப்பட்டது. ஆக்கியவர் யார்? தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளரும் அவர்தம் வழிவந்தோருமே மலைநாட்டின் தோட்டங்களிலும் பாதைகளிலும் பெருமளவு உழைத்தோர். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி நுவரெலியா மாவட்டத்து மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழரே. தெருவின் இருமருங்கும் உள்ள தேயிலைச் சரிவுகளும் லயங்களும் அவர்கள் வாழ்விடம். ஆக்கியோரும் அருகில் வாழ்வோரும் அவர்களே. ஆயின் எவர் பொருட்டு ஆக்கப்பட்டதோ அவர் வேறானவர். இம்முரண்பாடு தெருவின் பிறப்பிலேயே அமைந்ததொன்று.

வாயில் என்பது உட்புகுதற்கு மட்டும் உரியதன்று, வெளியேறுதற்கும் உரியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974இல் மற்றோர் உடன்படிக்கையால் முடிவு செய்யப்பட்டது. அனுப்பப்பட்டோர் மலைநாட்டு நிலையங்களிலே, அவர்தம் வழக்கிற் கூறுவதாயின் ‘கோச்சி’ ஏறி, தலைமன்னார் சென்று, கடல் கடந்து இராமேசுவரம் அடைந்தனர். தலைமுறைகள் பல வாழ்ந்த மண்ணை விட்டு நீங்கியோர்க்கு மலைநாட்டுப் புகையிரத நிலையங்கள் புறப்பாட்டு வாயில்களாயின. உல்லாசப் பயணிக்கு இன்பத்தின் தொடக்கமாகத் தோன்றும் ஒரு மேடை, வேறொருவர்க்குப் பிரிவின் இறுதியாக இருந்தது. வாயில்வழியைத் திட்டமிடுவோர் இவ்விரு நினைவுகளையும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாம் வினா, தெரு தன் கருத்தை எம்முறையிற் கூறுகின்றது என்பது. இதன்கண் இத்தெருவின் சிறப்பை மறைத்தல் திறனாய்வாளனுக்கு அழகன்று. நானுஓயாவிலிருந்து மேலேறுவோன் நகரை உடனே காண்பதில்லை. வளைவுதோறும் ஒரு மலைமுகடு தோன்றி மறையும். தேயிலையின் பசுமை இறங்கிச் சென்று பள்ளத்தில் நீரொலியோடு கலக்கும். மரக்கறித் தோட்டங்கள் படிப்படியாய் எழும். பனிமூட்டம் வந்து எல்லாவற்றையும் மூடிப் பின் திறக்கும். குளிர் சிறிது சிறிதாக உடலிற் புகுதலால், உயரம் கண்ணால் மட்டுமன்றி மெய்யாலும் உணரப்படும். பிளக்பூல் சந்தியைக் கடந்தபின் நகரின் அணிமை புலனாகும். நேரே நீண்ட அகன்ற சாலை ஒன்று இவ்வின்பத்தைத் தரவல்லதன்று. நல்ல கதையாசிரியன் முடிவை முற்கூட்டியே வெளியிடாதது போல, இத்தெருவும் நகரைச் சிறுகச் சிறுகவே வெளியிடுகின்றது. இவ்வழகு பொறியியலார் கருதிச் செய்ததன்று. மலையின் வடிவுக்கு அடங்கி நடந்ததனால் வாய்த்தது. ஆதலின், இத்தெருவைத் திருத்தப் புகுவோர் முதற்கண் இதன் வளைவுகளை மதித்தல் வேண்டும்.

குறை தோன்றுவது மூன்றாம் வினாவிலேயே. இத்தெரு கூறாது விட்டது யாது? நடப்போனை அது கூறவில்லை. தோட்டங்களை ஊடறுத்துச் செல்லும் இடங்களிற் பெரும்பாலும் நடைபாதை இல்லை. ஒருபக்கம் வெட்டிய மண்சுவர்; மறுபக்கம் பள்ளம்; இடையே வடிகாலும் வண்டியும். கொழுந்துச் சாக்கைச் சுமந்து மடுவத்துக்குச் செல்லும் பெண்ணும், காலையிற் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையும், மருந்தெடுக்கச் செல்லும் முதியோரும் அவ்விடையிலேயே ஒதுங்கி நடத்தல் வேண்டும். பனிமூட்டத்தில் வண்டியோட்டிக்கு அவர்கள் தெரிவது கடைசிக் கணத்திலேயே. லயத்திலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை பெருந்தெருவைத் தொடும் இடத்தில் நின்று நோக்கற்கு ஒரு திட்டு இல்லை; கடப்பதற்கு ஒரு குறி இல்லை. தெருவை வரைந்த கோல், தெருவைக் கடக்கும் கால்களைக் கருதவில்லை.

இதன் விளைவு வெறும் வசதிக் குறைவு அன்று, உயிர்ச்சேதமும் ஆகும். 2023 சனவரி 20ஆம் நாள், நானுஓயாவை அடுத்த ராதல்லைக் குறுக்குவழியில், கல்விச் சுற்றுலா மாணவரை ஏற்றிவந்த பஸ் வண்டி ஒன்று வான் ஒன்றோடும் முச்சக்கர வண்டி ஒன்றோடும் மோதிற்று. வானிலும் முச்சக்கர வண்டியிலும் இருந்தோருள் எழுவர் உயிரிழந்தனர். 2025 மே 11ஆம் நாள், நுவரெலியாவின் மற்றொரு வாயில்வழியான றம்பொடைப் பக்கத்தில், பஸ் வண்டி ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். செங்குத்தான இறக்கத்தில் நெடுந்தூரம் தடையை மிதித்துக்கொண்டே இறங்கும் கனரக வண்டியின் தடைகள் சூடேறித் தம் பிடியை இழத்தல் பொறியியலார் நன்கறிந்த உண்மை. அதுபற்றியே குறைந்த விசைப் பல்லிணையில் இறங்குக என்று எச்சரிப்பர். அதுபற்றியே பல மலைநாடுகளில் இறக்கத்தின் ஓரத்தே பருமணல் நிரப்பிய ஒதுங்குதடம் அமைத்து, தடையிழந்த வண்டி அதனுட் புகுந்து நிற்க வழிசெய்வர். விபத்து நேர்ந்தபின் வண்டியோட்டியை மட்டும் குறைகூறுதல் எளிது. தவறு நேருமிடத்தும் உயிர் பிழைக்க இடந்தருவதே நல்ல தெரு என்பதை மறத்தல் ஆகாது.

இக்குறைகளுக்கு உடனே கூறப்படும் மருந்து, தெருவை அகலித்தல் என்பதே. இம்மருந்தை ஆராய்ந்து கொள்ளல் வேண்டும். ஸ்கொத்துலாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் 1914ஆம், 1915ஆம் ஆண்டுகளிற் சென்னை மாகாணத்து நகரங்கள் பலவற்றைக் கண்டு அறிக்கைகள் எழுதினார். 1921இற் கொழும்பு நகரமைப்புப் பற்றியும் அறிக்கை தந்தார். நோயை ஆராயாது கத்தியெடுக்கும் மருத்துவனைப் போல், பழைய குடியிருப்புகளை இடித்து நேர்த்தெரு வெட்டுவோரை அவர் கடிந்தார். வாழ்விடத்தை நடந்து கண்டு, அங்குள்ளோரை அறிந்து, மிகச் சிறிய அறுவையாற் பெரும்பயன் விளைப்பதே அவர் வகுத்த முறை. அம்முறை மலைநாட்டுக்கு மிகவும் பொருந்தும். மலைச்சரிவின் அடியை வெட்டித் தெருவை அகலிக்குந்தோறும் மேலுள்ள மண் தன் தாங்குதலை இழக்கும். மழைநீர் உட்புகுந்து மண்ணின் பாரத்தைக் கூட்டி அதன் பிடிப்பைத் தளர்த்தும். பின் ஓரிரவில் சரிவு தெருவின்மேல் இறங்கும். அச்சரிவின் மேலும் கீழும் லயங்கள் இருத்தல் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மலைநாட்டுத் தெருக்களும் இருப்புப்பாதையும் பல இடங்களில் மண்சரிவாற் சிதைந்ததை யாவரும் அறிவர். மலையில் தெருவின் அகலம் மட்டும் வலிமையாகாது. நீர் வடியும் வழியே அதன் முதல் வலிமை.

அகலித்த தெரு விரைவை மிகுவிக்கும் என்பதும் கருதத்தக்கது. நடப்போர்க்கு இடம் ஒதுக்காது அகலத்தை மட்டும் கூட்டினால், முன்னர் மெல்ல வந்து மோதிய வண்டி பின்னர் விரைந்து வந்து மோதும். ஆகவே வினா, தெரு எத்துணை அகலம் என்பதன்று. உள்ள அகலத்தில் யாருக்கு எத்துணை பங்கு என்பதே.

இதனோடொத்த மற்றொரு மலைநகரை ஒப்புநோக்குதல் தெளிவு தரும். தமிழ்நாட்டு உதகமண்டலமும் ஆங்கிலேயர் குளிர் நாடி வளர்த்த நகர். அதன் சுற்றுப்புறமும் தேயிலை நிலம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் இருப்புப்பாதை 1899இற் குன்னூரையும் 1908இல் உதகையையும் அடைந்தது. நுவரெலியாவின் சிறுபாதை பெயர்க்கப்பட்டது. உதகையின் பாதை காக்கப்பட்டது. 2005இல் அது உலக மரபுரிமைச் செல்வமாக ஏற்கப்பட்டது. ஆயினும் அப்பாதை ஒன்றே போதவில்லை. மோட்டார் வண்டிகளின் பெருக்கத்தைத் தாங்காது, சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் அங்குச் செல்லும் வண்டிகளுக்கு மின்வழி அனுமதிச்சீட்டு வேண்டப்பட்டது. 2025ஆம் ஆண்டின் கோடைப் பருவத்தில் வாரநாட்களில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகளும் வார இறுதியில் 8,000 வண்டிகளும் என எல்லை வகுக்கப்பட்டது. வாயில்வழி ஒன்றுக்குத் தாங்குமளவு உண்டு என்பதை நீதிமன்றமே கூறநேர்ந்தமை கருதற்பாலது. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவை நோக்கி ஏறும் வண்டிகளைக் கண்டோர்க்கு இச்செய்தியின் பொருத்தம் விளங்கும்.

தெருவைத் திருத்தும் பொறுப்பு யாரிடத்தது என்பது அடுத்து எழும் வினா. பெருந்தெரு வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியது. நிலையம் புகையிரதத் திணைக்களத்துக்கு உரியது. நகர் மாநகர சபைக்கு உரியது. சிற்றூர்ப்புறம் பிரதேச சபைக்கு உரியது. தோட்ட நிலங்களின் நிருவாகம் 1992 முதற் பெரும்பாலும் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. தெரு ஒன்று, உடையோர் பலர். அன்றியும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புகளில் அச்சபைகள் தடையின்றிப் பணிபுரிதற்கு இடந்தரவில்லை. சபைக்கு வாக்களித்த மக்கள் தம் லயத்துப் பாதைக்கு அச்சபையின் பணத்தைப் பெற இயலாத நிலை நெடுங்காலம் நீடித்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அத்தடை நீங்கிற்று. லயத்திலிருந்து இறங்கும் பாதை பெருந்தெருவை அடையும் இடத்தில் ஏன் ஒரு படியும் திட்டும் இல்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். தெருவோரத்துக் குறை சட்டத்தின் குறையாகவும் இருந்ததென்க.

இவ்வாராய்ச்சியிலிருந்து, செய்தற்குரியன தாமே புலனாகின்றன. முதலாவது, லயங்களும் பாடசாலைகளும் மடுவங்களும் தெருவைத் தொடும் இடங்களில் உயர்த்திய நடைபாதையும், நிற்குந் திட்டும், கடக்குங் குறியும், பனியிலும் தெரியும் விளக்கும் வேண்டும். இரண்டாவது, நானுஓயா நிலையத்தின் முன்றிலே நகரின் மெய்யான வாயில். புகையிரத நேரத்தோடு இயைந்த பஸ் சேவையும், மழையும் குளிரும் தாக்காத தங்குமிடமும் அங்கு அமைதல் வேண்டும். மூன்றாவது, செங்குத்தான இறக்கங்களிற் கனரக வண்டிகளின் செலவைக் கட்டுப்படுத்தி, தடையிழந்த வண்டிக்கு ஒதுங்குதடம் அமைத்தல் வேண்டும். நான்காவது, மண்ணை வெட்டுதலைக் குறைத்து, வடிகால்களைப் பேணி, வேரூன்றும் மரஞ்செடிகளாற் சரிவைக் காத்தல் வேண்டும். ஐந்தாவது, தெருவோரத்தில் மரக்கறி விற்போரை அகற்றாது, வண்டிகள் ஒதுங்கி நிற்கும் இடத்தோடு அவர்க்குக் கடையிடம் தருதல் வேண்டும். இவற்றுள் எதுவும் மலையைத் தகர்க்க வேண்டுவதன்று. பெரும்பாலானவை பெருஞ்செலவும் வேண்டுவன அல்ல.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். நானுஓயா கடந்து செல்லும் இடமே. நகர் வளர்ந்தால் அதன் பயன் தோட்டங்களுக்கும் வந்து சேரும். ஆதலின் உல்லாசப் பயணியின் வசதியே முதன்மையானது என்பர். இக்கூற்றில் உண்மை சிறிதும் இல்லை என்று தள்ளுதல் நேர்மையன்று. விடுதிகளிலும் கடைகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் தொழில் பெறுவோருள் தோட்டத்து இளைஞரும் உளர். பயணிகள் குறைந்தால் அவர்தம் வருவாய் குறையும். ஆயினும் நடப்போனுக்கு இடம் தருவதனாற் பயணிக்கு இழப்பு யாது? அஞ்சாது நடக்கத்தக்க தெருவே பயணியும் இறங்கி நின்று நோக்கத்தக்க தெரு. வாழ்வோர்க்கு இனிய வழி வருவோர்க்கும் இனியதாகும். வருவோர்க்கு மட்டும் இனிதாக்கிய வழி நாளடைவில் இருவர்க்கும் இன்னாதாய் முடியும். ஏப்ரல் மாதத்து நெருக்கடி இதற்குச் சான்று.

வரவேற்பு வளைவுகளையும் பூந்தொட்டிகளையும் இகழ்தல் இக்கட்டுரையின் கருத்தன்று. அணி கவிதைக்கு வேண்டுவதே. ஆயின் பொருளில்லாத இடத்தில் அணி நில்லாது. நானுஓயாத் தெருவுக்கு இயற்கை அணியை நிறையத் தந்துள்ளது. குறைவது பொருள், அப்பொருள், தெருவோரம் நடக்கும் மனிதரே. அவர்களை வரைபடத்திற் சேர்த்த நாளிலேயே இத்தெரு முழுமை பெறும்.

மதுரையின் மாடவீதிகளைக் கண்டு வியந்த கோவலன், புறஞ்சேரிக்கே மீண்டான். மாதரியின் பெயர் இன்றும் நினைக்கப்படுவது அவள் மாளிகை வைத்திருந்தமையால் அன்று. வழிவந்தோர்க்கு இடம் தந்தமையால். நானுஓயாவின் மக்கள் நூற்றாண்டுக்கு மேலாக வழிவந்தோர்க்கு இடம் தந்து, தாம் ஓரத்தில் ஒதுங்கி நடந்துள்ளனர். அவர்க்கு அத்தெருவில் ஒரு முழ அகலம் ஒதுக்குதல் கொடையன்று. நெடுநாள் நிலுவையாய் நிற்கும் கடனைத் தீர்த்தலே ஆகும்.